புரியவில்லை என்று பதிந்த பதினான்கு பேர்

மணி ஒன்பது நாற்பது. இன்னும் இரண்டு மணி நேரமும் இருபது நிமிஷமும் மிருதுளாவைத் தூங்கவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. இரவு பன்னிரண்டு வரை குழந்தை விழித்திருக்க வேண்டும், விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிட வேண்டும், தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, வரும் வழியில் ஆட்டோவில் கண்ணயர விடக் கூடாது, ஒன்பது மணிக்கு இ.இ.ஜி அறைக்கு வந்துவிட வேண்டும். தூக்கம் கெட்ட மூளைதான் தன் கோளாறைக் காட்டிக்கொடுக்குமாம். எது வந்துவிடக் கூடாது என்று பன்னிரண்டு நாளாக இவள் பக்கத்திலேயே படுத்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேனோ, அதை வா வா என்று கூப்பிடுவதற்குத்தான் இந்த விழிப்பு. இரண்டே முக்கால் வயசுப் பிள்ளை. எதிரே பாயில் உட்கார்ந்து எவர்சில்வர் டம்ளர்களை அடுக்குகிறாள், நாலாவது டம்ளரில் கண் சொருகுகிறது, "மிருது, அஞ்சாவது எங்கடா?" என்கிறேன், திடுக்கிட்டு நிமிர்கிறாள், அடுக்கு சரிகிறது, அந்தச் சத்தத்துக்கு உள்ளே கட்டிலில் இவர் புரண்டு படுக்கிறார். இசக்கிராஜுக்கு நாலு மணி முறை. "ராத்திரியில மேல்பாதி உனக்கு, கீழ்பாதி எனக்கு. நீ ஒண்ணும் யோசிக்காத கோமு" என்று சொல்லிவிட்டு எட்டரைக்கே படுத்துவிட்டார். யோசிக்காதே என்றால் நின்றுவிடுமா. மடிக்கணினி ஸ்டூலின்மேல் திறந்திருக்கிறது, பக்கத்தில் இந்த நோட்டு. ஆய்வேடு திறந்திருக்கிறது, தொண்ணூறு தாய்மாரின் பதில்கள் வரிசை வரிசையாகத் திறந்திருக்கின்றன, இன்று ராத்திரிக்குள் என் ஆய்வு வழிகாட்டி பத்மஜா மேடத்துக்கு அனுப்பியாக வேண்டும், நான் அதைப் பார்க்காமல் டம்ளரைப் பார்க்கிறேன். "அம்மா, தூங்கலாமா?" "இன்னும் கொஞ்ச நேரம் கண்ணு." தூங்கலாமா என்று கேட்கும் பிள்ளையிடம் தூங்காதே என்று சொல்லும் தாயை நான் இதுவரை எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

சுகாதாரப் பொருளாதாரம் என்றால் எங்கள் மதினிக்கு இன்றுவரை விளங்கவில்லை. "டாக்டருக்கா படிக்கே?" "இல்ல மதினி, பொருளாதாரம்." "அப்பம் பேங்குக்கா?" "இல்ல, எந்த வைத்தியத்துக்கு அரசாங்கம் செலவழிக்கலாம்னு கணக்குப் போடுறது." "அதுக்கு ஒரு படிப்பா, யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே" என்றாள், அன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லி வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். முதல் பருவத்தில் மேடம் ஒரு பலகையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூட ஸ்கேல் போல நீளம், ஒன்று முதல் பத்துவரை கோடு, கோட்டில் நகரும் ஒரு மரக்கட்டை. கூடவே இரண்டு அட்டை. வெள்ளை அட்டையில் நோயோடு பத்து வருஷம். மஞ்சள் அட்டையில் நோயே இல்லாமல், ஆனால் குறைந்த வருஷம். ஒன்பது போதுமா, எட்டு, ஏழு என்று கட்டையை நகர்த்திக்கொண்டே போவோம், எந்த இடத்தில் பதில் சொல்கிறவர்களால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியவில்லையோ அந்த இடம்தான் நோயின் எடை. ஏழில் நின்றால் பாயிண்ட் ஏழு. அதாவது நோயோடு வாழும் ஒரு வருஷம் நல்ல வருஷத்தில் பத்தில் ஏழு பங்கு. காலப் பரிமாற்றம் என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். மேடத்திடம் ஒரு வழக்கம், மற்றவரிடம் கேட்கப் போகிறவள் முதலில் தானே பதில் சொல்ல வேண்டும், அந்தத் தாள் ஆய்வேட்டில் முதல் இணைப்பாக இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு வலிப்பு நோய், என்று வாசித்தார். எனக்கு அப்போது பிள்ளை இல்லை, கல்யாணமாகி நாலு மாசம். அரை நிமிஷத்தில் கட்டையை ஏழுக்குத் தள்ளிவிட்டேன். "பார்த்தீங்களா, கான்வென்ட் பொண்ணு, டக்குனு முடிச்சுட்டா" என்றார் மேடம். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது, எழுந்து நின்று தேங்க்யூ மேம் என்றுகூடச் சொன்னேன், பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருஷம் அப்படி எழுந்து நின்ற முழங்கால் இது. மூன்று வருஷம் அல்லவா அன்று கொடுத்தேன். யாருடைய மூன்று வருஷம், எந்த மூன்று, முதல் மூன்றா, கடைசி மூன்றா, முதல் மூன்று என்றால் இவளுக்கு அதில் இன்னும் மூன்று மாசம்தான் பாக்கி. சீ, என்ன கணக்கு இது. "மிருது, கண்ணைத் திற. மம்மி டம்ளர் எது, பாப்பா டம்ளர் எது, சொல்லு பார்ப்போம்."

பிரசவத்துக்காக ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது கள வேலைக்கு ஊர்ப்பக்கமே கேட்டு வாங்கினேன், பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகலாம் என்று. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவு, புதன்கிழமை வலிப்புக்கு மருந்து வாங்க வருகிறவர்கள் வரிசை. வரிசை நகர நகர நானும் பெஞ்சோடு நகர்ந்து உட்கார்ந்து கேட்டேன். பெரும்பாலானவர்கள் எனக்காகப் பாவப்பட்டுப் பதில் சொன்னார்கள். பேச்சித்தாய் அப்படி இல்லை. பீடி சுற்றுகிற கை, விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை, மடியில் ஐந்து வயசு மாலா, அங்கே கொடுக்கிற மருந்தின் மப்பில் வாயோரம் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் வெள்ளை அட்டையை வாங்கிப் பார்த்தாள். "பத்து வருசம் இப்படியே, மாத்திர குடிச்சுக்கிட்டு, அப்பப்ப விழுந்துக்கிட்டு?" "ஆமாக்கா." "மஞ்சள்ல நோய் இல்ல, ஆனா ஒம்பதுதான்." "ஆமா." "அந்த ஒரு வருசம் எங்க போவுது?" பயிற்சிக் குறிப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. "சும்மா ஒரு கற்பனைக்குத்தான்க்கா" என்றேன். "கற்பனையாவே இருக்கட்டும். கற்பனையிலயும் ஒரு நாள் தர மாட்டேன்." "ஒரு மாசம்னா?" "ஏம்மா, கருவாட்டுக்காரிகிட்ட பேசுத மாதிரியில்லா பேரம் பேசுத. நீயும் புள்ள பெத்தவதானே?" "ஆமாக்கா." "பெறவென்ன. அட்டைய உள்ள வையி." பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எனக்கு நெஞ்சில் பால் கட்டிக் கல்லாகக் கனத்தது, ரவிக்கை நனைந்து முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன், மூன்றேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஐந்துக்கு, அம்மா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டாள், பிள்ளை புட்டியை வாயில் வைக்க விடமாட்டேன் என்கிறாள் என்று. மறுத்தவர்களுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. ஒன்று போட்டால் கேள்வி புரியவில்லை என்று அர்த்தம். இரண்டு போட்டால் வேறு காரணம், ஆனால் இரண்டு போட்டால் பின்பக்கம் திருப்பி அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுத வேண்டும், அவர்களுக்குத் திரும்ப வாசித்துக் காட்டிக் கைநாட்டோ கையெழுத்தோ வாங்க வேண்டும். நான் ஒன்று போட்டேன். என்னிடம் அந்த ஒரு வருசம் எங்கே போகும் என்று கேட்டவளுக்குப் புரியவில்லை என்று போட்டேன். பஸ் ஏறிவிட்டேன். அதற்கடுத்த புதன்கிழமைகளில் கை தானாகவே ஒன்றுக்குப் போனது. மொத்தம் பதினான்கு.

ஒன்று போட்ட வரிசையைக் கணினியில் கணக்குப் போடும் நிரல் தானே ஒதுக்கிவிடும். யாரும் அழிக்க வேண்டியதில்லை, அதுதான் அதன் வசதி. மேடத்துக்கு இது தெரியாது. பதினான்கு பேருக்கு நிஜமாகவே புரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார், "தொண்ணூறுல பதினாலு, பரவாயில்லம்மா, கிராமத்துப் பக்கம் அவ்வளவு இருக்கும்" என்றார். இன்று ஆறு மணிக்கும் போன் பண்ணினார். "பாயிண்ட் ஆறு ரெண்டு. அழகான நம்பர் கோமதி. வெள்ளிக்கிழமை கமிட்டி. ராத்திரிக்குள்ள ஃபைனல் காப்பி எனக்கு வந்துடணும்." கமிட்டி என்றால் வலிப்புக்கு வந்திருக்கும் ஒரு புது சிரப்பை இலவசப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள். பிள்ளையை மப்பில் போடாத சிரப். நோயின் எடை பாயிண்ட் ஆறு ஐந்துக்குக் கீழே இருந்தால், அதாவது நோய் அவ்வளவு கொடுமை என்று தாய்மார் சொன்னால், சிரப் கோட்டுக்கு இந்தப் பக்கம், பட்டியலில் சேரும். மேலே போனால் அந்தப் பக்கம். பதினான்கு பேரையும் திரும்பச் சேர்த்தால் என்ன ஆகும் என்று போன வாரமே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். பாயிண்ட் ஆறு எட்டு. ஒரு நாளும் தர மாட்டேன் என்றவளுக்குக் கணக்கில் ஒரே அர்த்தம்தான் உண்டு, பத்துக்குப் பத்து, இந்த நோயால் இவள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. வாயோரம் எச்சில் துடைத்துத் துடைத்து முந்தானை நைந்துபோனவளுக்குக் குறையே இல்லை என்று கணக்கு சொல்லும். பிள்ளையின் நாட்களை இறுகப் பிடித்துக்கொண்டவளே அந்தப் பிள்ளைக்கு மருந்து வேண்டாம் என்று சொன்னதாக ஆகும். அப்படியானால் நான் போட்ட ஒன்று நல்லதுக்குத்தானே. பொய்தான், ஆனால் மாலாவுக்கு சிரப் கிடைக்கிற பொய். பள்ளிக்கூடத்தில் மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை கிறிஸ்தவப் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத்துக்கு, பெட்டிக்குள் இருக்கும் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்ல, வரிசையாகப் போவார்கள், எங்களைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்லுவார் சிஸ்டர் பெனிட்டா. முக்காடு போட்டுக்கொண்டு போனவர்கள் ஐந்து நிமிஷத்தில் முகம் கழுவினாற்போலத் திரும்பி வருவார்கள். "என்னடி சொன்ன?" என்று கேட்டால் பிலோமினா சொல்ல மாட்டாள், "உனக்குச் சொன்னா அது பாவம்" என்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். எங்களுக்கு அந்தப் பெட்டி கிடையாது, எங்களுக்குக் கணக்கு நோட்டுதான். "அம்மா, பாப்பாக்குத் தூக்கம்." மணி பதினொன்று ஐந்து. கண்ணில் தண்ணீர் தொட்டு வைக்கிறேன், அழுகிறாள், அழுதால் விழித்திருப்பாள் என்று மனசு ஒரு பக்கம் நிம்மதிப்படுகிறது. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே பயமாயிருக்கிறது.

தூக்கிக்கொண்டு பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்தேன். சமையலறைத் தரை. இந்த இடத்தில்தான் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் விழுந்தாள், புட்டும் பழமும் கையில் இருந்தது, காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, கூப்பிட்டேன், திரும்பவில்லை, கண் இரண்டும் இடப்பக்கம் போய் நின்றுவிட்டது, இடது கை மட்டும் யாரையோ வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இழுத்தது, உதடு நீலம், புட்டு வாயிலேயே இருந்தது, விரலை விடக் கூடாது என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், ஆனாலும் விரலை விட்டுப் புட்டை எடுத்தேன், கடித்துவிட்டாள், அருள் நிறைந்த மரியே என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, சங்கரன்கோவில் அம்மன் பேரை வைத்துக்கொண்டு மரியே மரியே என்று. "எவ்வளவு நேரம் இருந்தது?" என்று டாக்டர் கேட்டார். நான் நாலு நிமிஷம் என்றேன். இவர் ஒரு நிமிஷம்கூட இருக்காது என்றார். டாக்டர் இரண்டையும் எழுதிக்கொண்டார். யார் சொன்னது சரி என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. காலத்தை வாங்கவும் விற்கவும் படித்தவள், கையில் போன் இருந்தது, நேரம் பார்க்கவில்லை. கள வேலைக்குக் கொண்டுபோன பலகை இங்கே அலமாரியில் இருக்கிறது. எடுத்தேன். இவளை இடுப்பில் வைத்துக்கொண்டே சமையல் மேடைமேல் வைத்தேன், வெள்ளை அட்டை, மஞ்சள் அட்டை, யாரும் பார்க்கவில்லை, கேட்கிறவளும் நான், சொல்கிறவளும் நான். நாளை இ.இ.ஜி அறையில் ஆமாம், வலிப்பு நோய்தான் என்று சொல்லிவிட்டால் இவளுக்கு வெள்ளை அட்டைதான். ஒன்பது போதுமா கோமதி? தர மாட்டேன், பேச்சித்தாய் மாதிரி ஒரு நாளும் தர மாட்டேன் என்றுதான் சொல்வேன் என்று பன்னிரண்டு நாளாக நினைத்திருந்தேன். ஆனால் உதடு நீலமானதைப் பார்த்தவள் அல்லவா, அந்த நாலு நிமிஷமோ ஒரு நிமிஷமோ இனி வரவே வராது என்றால், என்று யோசிக்கும்போதே விரல் கட்டையை நகர்த்திவிட்டது. ஒன்பதுக்குப் போய்விட்டது. இவள் என் தோளில் கன்னத்தை வைத்திருந்தாள், சூடாக இருந்தது, நான் இவளுடைய ஒரு வருஷத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறேன். அவசரமாகத் திரும்பப் பத்துக்கு இழுத்தேன், பத்திலும் விட மனசு வரவில்லை, மறுபடி இழுத்தேன், கட்டையைப் பலகையிலிருந்தே பிடுங்கி அடுப்புக்குப் பின்னால் போட்டேன். கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. கேள்வி புரிந்தால் இப்படித்தான் இருக்கும். அரை நிமிஷத்தில் ஏழுக்குத் தள்ளிவிட்டுத் தேங்க்யூ மேம் சொன்னாளே ஒருத்தி, தொண்ணூறும் ஒன்றுமாகத் தொண்ணூற்றொரு பேரில் புரியாமல் பதில் சொன்னவள் அவள் ஒருத்திதான். அவளுடைய தாள் முதல் இணைப்பாக இருக்கிறது. புரிந்த பதினான்கு பேர் வெளியே நிற்கிறார்கள்.

பன்னிரண்டு அடிக்கவும் மிருதுவைப் பாயில் போட்டேன், போடுமுன்பே தூங்கிவிட்டாள், ஒரு கால் என் மடியில் கிடக்கிறது, அசையாமல் ஒரு கையால் தட்டச்சு செய்கிறேன். பொய் சொன்னால் மாலாவுக்கு சிரப், உண்மை சொன்னால் இல்லை, என்று இரண்டு அட்டையாகத்தான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை இரண்டுதான் என்று யார் சொன்னது, அதுவும் படிப்பு பழக்கிய பழக்கம். இரண்டு எண்களையும் எழுதலாம். சேர்த்தால் ஆறு எட்டு, சேர்க்காவிட்டால் ஆறு இரண்டு, அந்தப் பதினான்கு பேரும் நோயை லேசு என்று சொல்லவில்லை, பிள்ளையின் நாளைப் பேரத்துக்கு வைக்க முடியாது என்று சொன்னார்கள், இந்தப் பலகையில் அதற்குக் கோடு இல்லை என்று எழுதலாம். கமிட்டி அதைப் படிக்குமா, ஆறு எட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுமா, எனக்குத் தெரியாது. தள்ளிவிட்டால் அதில் என் கையும் இருக்கும். எங்களால் அந்த சிரப்பைக் கடையில் வாங்க முடியும், பேச்சித்தாயால் முடியாது, அதைத் தெரிந்துகொண்டுதான் இதைச் செய்கிறேன். மேடம் கையெழுத்துப் போட மறுக்கலாம், இந்தப் பருவம் போய்விடலாம், போகட்டும் என்று எழுதக் கை வரவில்லை, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கடிதத்தை எழுதினேன். மேடம், பதினான்கு படிவங்களில் நான் தவறான எண் இட்டேன், அவர்களுக்குக் கேள்வி புரிந்திருந்தது, எனக்குப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொரு வரிசையாகப் போய் ஒன்றை இரண்டாக்கி, பக்கத்தில் காரணம் எழுதினேன், கையெழுத்து வாங்கவில்லை, நினைவிலிருந்து எழுதுகிறேன் என்ற குறிப்போடு. பேச்சித்தாய், கற்பனையிலும் ஒரு நாள் தர மாட்டேன் என்றார். இருபத்திரண்டாம் எண், சாமியிடமே நான் இப்படிப் பேரம் பேசியதில்லை என்றார். முப்பத்தேழாம் எண், கட்டையைப் பலகையிலிருந்து உருவித் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார், நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. நாற்பத்தெட்டு, வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அடுத்த புதன் சொல்கிறேன் என்றார், அடுத்த புதன் வந்தார், கேட்கவேயில்லைம்மா, கேட்டால் அடிப்பார் என்றார். ஒவ்வொருத்தராக முகம் வந்தது, புடவை நிறம் வந்தது, பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். எண்பத்து மூன்றுக்கு ஒன்றும் வரவில்லை. தாய்க்கு வயசு இருபத்து மூன்று, பிள்ளைக்கு இரண்டே முக்கால், பெண், தேதி ஒரு புதன்கிழமை. அவ்வளவுதான் இருக்கிறது. பெஞ்சின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், அழுதாளா, சிரித்தாளா, அந்தப் பிள்ளை மடியில் இருந்ததா நடந்ததா, எவ்வளவு நேரம் யோசித்தும் வரவில்லை. மற்றவர்கள் சொன்னதில் எதையாவது இவளுக்கும் போடலாம், பொருந்தும், யாருக்கும் தெரியாது. கட்டத்தில் இப்படி எழுதினேன்: இந்தத் தாய் மறுத்தார். என்ன சொல்லி மறுத்தார் என்பதை நான் கேட்டேன், எழுதிக்கொள்ளவில்லை. அனுப்பிவிட்டேன்.